சன்னலோர மேசையில் சில்லி

சின்சினாட்டி சில்லிக் கடையில், ஸ்பகெட்டிமேல் ஊற்றிய, பட்டை மணக்கும் சில்லிக் கறிக்குழம்பும் அதன்மேல் குவித்த சீஸ் துருவலும் மதிய வெயிலில் மினுங்குகின்றன. அக்காவைப் பெண் கேட்க டெக்சஸிலிருந்து வந்திருக்கும் வெஸ்லி, ஸ்பகெட்டியை முள்கரண்டியில் சுற்றுகிறான். அப்பா மெல்லுவதை நிறுத்துகிறார். "தம்பி, இங்க யாரும் சுத்த மாட்டாங்க. வெட்டித்தான் சாப்பிடுவோம்." வெஸ்லி சிரிக்கிறான். "எங்க ஊர்ல சில்லின்னா கறியும் மிளகாயும்தான் சார். பட்டை போட்டா அடிக்க வருவாங்க." "அப்ப இது என்னவாம்?" "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா சில்லி இல்ல." மேசைக்கடியில் அக்காவின் கால் என் காலை இடித்துக்கொண்டே இருக்கிறது. நான் சில்லிமேல் தூவத் தந்த உப்பு பிஸ்கட் பொட்டலத்தை நொறுக்குகிறேன். அப்பா தன் தட்டிலிருப்பதைக் கட்டம் கட்டமாக வெட்டுகிறார். அக்காவின் கால் சட்டென்று நிற்கிறது. நினைவு தெரிந்த நாளிலிருந்து வெட்டியே சாப்பிட்டவள், அப்பாவைப் பார்த்தபடியே ஸ்பகெட்டியைத் தன் முள்கரண்டியில் சுற்றத் தொடங்குகிறாள்.