முள்ளம்பன்றி போட்ட கோடு

ஆட உட்காரும்போதே முள்ளம்பன்றி மண்ணில் ஒரு கோடு கிழித்தது. "தோத்தா ஆட்டத்துக்கு ஒண்ணா முதுகு முள்ளப் புடுங்கி, இந்தக் கோடு வரைக்கும் பத்து முள்ளு அடுக்குவேன். அதோட எந்திரிச்சிருவேன் அண்ணே!"

"நல்ல பழக்கம் தம்பி" என்ற நரி, புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடியது. "ஒத்தையா, ரெட்டையா?"

பத்தும் போயின. விட்டதைப் பிடிக்கிற வெறியில் முள்ளம்பன்றி கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டது. மறுபடியும் அழித்தது, மறுபடியும் போட்டது.

திடீரென்று முதுகு சில்லிட்டது. திரும்பிப் பார்த்ததும் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை முள்ளும் மண்ணில் வரிசையாகக் கிடக்க, முதுகில் ஒன்றே ஒன்றுதான் நின்றது.

"அண்ணே, இதையும் வச்சிடுறேன். ஒரே ஒரு ஆட்டம்!"

நரி கொட்டைகளைக் கீழே போட்டுவிட்டு நெருங்கி வந்தது.

"எனக்கு இது போதும் தம்பி. ஒத்தை முள்ள ஒதுக்கிட்டுத் தின்னத் தெரியாதா?"