காலியான ட்யூப்

"அட, இது அந்தக் கைதானா? நம்பவே முடியலையேம்மா!"

தோல் டாக்டர் அவள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எக்ஸிமாவின் சிவப்பு போன இடம் தெரியவில்லை.

"மூணு வருஷத்து அரிப்பு ஒரே மாசத்துல ஓடிப்போச்சு. ட்யூப் எங்க?"

பதினாறு வயதுக்காரி தலையைக் குனிந்தபடி காலி ட்யூபை மேஜைமேல் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"சமத்து! இதே ஆயின்மெண்ட் இன்னும் ஒரு மாசம் தடவு."

டாக்டர் எழுத ஆரம்பித்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வேணாம் டாக்டர்! அதை நான் தொடவே இல்ல. தோல் காகிதம் மாதிரி கிழிஞ்சிடும்னு ஃப்ரெண்ட் சொன்னா. பயந்துபோய் தினமும் வாஷ்பேசின்ல பிதுக்கி விட்டுட்டேன். கூடவே டப்பால சாதா கிரீம் குடுத்தீங்களே, அதை மட்டும்தான் தடவினேன். அதுலயே சரியாயிடுச்சு. அப்பா, திட்டாதீங்கப்பா!"

டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"அது வறட்சிக்குக் குடுத்தது. அதுல எப்படிம்மா எக்ஸிமா போகும்?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாம் நாளே பேசின்ல வெள்ளையா ஒட்டியிருந்ததைப் பாத்துட்டேன் டாக்டர். சொன்னா கேக்குற ஆளா இவ? நான் கேக் கடையில கிரீம் பிழியுறவன். ட்யூபோட வாலைப் பிரிச்சு, மருந்தை டப்பாவுக்கு மாத்தி, டப்பா கிரீமை ட்யூப்ல அடைச்சு மடிச்சு வச்சுட்டேன்."

அவள் வாயைப் பிளந்தாள்.

"அப்போ நான் தினமும் கொட்டினது?"

"சாதா கிரீம்தான் கண்ணு. நம்ம வாஷ்பேசினுக்கு இனிமே வறட்சியே வராது!"