கயிறு கட்டிய கோப்பை

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் காளியாயி எட்டிப் பார்த்தாள்.

அது அவளுடைய நெஞ்சு.

புருஷன் சோலைமலைக்குச் சயரோகம் என்று தெரிந்து இரண்டு மாதமாகிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகும்வரை வீட்டில்தான் இருக்கிறான். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். நல்லாயிருக்கிற எனக்கு எதற்குப் படம் என்று முரண்டு பிடித்தவளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறக்கி, பூண்டுலோயாவில் முதல் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்ததும் அவன்தான்.

இப்போது வெளியே, பெஞ்சின் கோடியில், தன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தகரக் கோப்பை அவள் பிரித்துக் கொடுத்தது. பிள்ளைகள் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று அதன் காதில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். அவன் பாயையும் லயத்து வரிசையில் தங்கள் அறைக்கு வெளியே, இஸ்தோப்புத் திண்ணையில் தூக்கிப் போட்டாள். கொட்டுகிற பனியில் அங்கேதான் அவன் சுருண்டு கிடந்து இருமினான்.

பிரித்து வைத்தது தப்பே இல்லை, டாக்டரே சொன்னதுதான். ஆனால் வாய் இருக்கிறதே, வாய்! பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பெண்களும் கேட்க அவள் கத்தினாளே, அதுவும் டாக்டர் சொன்னதா?

"எந்தக் கள்ளுக்கடையில எவன் எச்சியக் குடிச்சு இத வாங்கிட்டு வந்த?"

சோலைமலை வாயில்லாப் பூச்சி. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். கெட்டிக்காரி, பிள்ளைகளைக் காப்பாத்திட்டா என்று லயமே அவளை மெச்சியது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

டாக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நர்ஸ் அதைத் தமிழில் சொன்னாள்.

இவள் நெஞ்சிலும் இதே நோய் இருந்திருக்கிறது. பழசு. தானாகவே ஆறித் தழும்பாகிவிட்டது. இனிப் பயமில்லை. முன்பு எப்போதாவது நெடுநாள் இருமினாளா?

இருமினாள். கடைக்குட்டி பிறந்த வருஷம் மழைக்காலம் பூராவும் இருமினாள். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த சிவப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெறும் சளி என்று விட்டுவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் சோலைமலை அவளைத் தன் கம்பளிக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கினான். காலையில் அவள் குடிக்க முடியாமல் வைத்த தேத்தண்ணியை அதே கோப்பையில் குடித்து முடித்துவிட்டுத்தான் மலைக்கு வேலைக்குப் போவான்.

கள்ளுக்கடையாம், கள்ளுக்கடை! அடி பாவி மகளே, அவன் குடித்தது உன் எச்சிலைத்தானே!

நோய் தெரிந்த அன்றைக்கு இதே அறையில் டாக்டர் அவனோடு வெகுநேரம் பேசியது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே நின்றிருந்தாள். என்ன கேட்டார் என்றதற்கு, சும்மா என்று சொல்லிவிட்டான்.

அவள் வெளியே வந்தாள். சோலைமலை எழுந்து, பழகிப்போன தூரத்திலேயே நின்றான்.

எல்லாவற்றையும் சொல்லி, அவன் காலைப் பிடித்து அழுதுவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வேறுதான் வந்தது.

"ஒண்ணுமில்லயாம்," என்றாள்.

அவன் பெருமூச்சு விட்டான்.

"அப்ப முழுசா ஆறிருச்சு, இல்ல புள்ள?"

ஆறியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கோப்பையை எடுத்துக்கொண்டான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, தன் மூச்சு அவள்மேல் படாதபடி தள்ளி நடந்தான்.