பேச்சு நின்றால்

சாப்பிட்டு முடித்து பெலிக்ஸ் கட்டிலில் சாய்ந்ததும் ஜெசிந்தா ஓடிவந்து தோளை உலுக்கினாள்.

"என்னங்க, தூங்காதீங்க! எதையாவது பேசிக்கிட்டே இருங்க."

அவன் நெஞ்சுக்குள் ஓடும் இதயப் பம்புக்குக் காலையில் அப்டேட் வந்திருந்தது. அதில் ஒரு கட்டளை: பத்து நிமிடம் பேச்சுக்குரல் கேட்கவில்லையென்றால் மின்னழுத்தத்தைக் குறை. மீட்டிங் ஹால் மின்விசிறிகளுக்காக எழுதியதை யாரோ அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பம்புக்குக் கேட்பது அவன் குரல் மட்டும்தான். "ஆறு மணிக்குச் சரிசெய்துவிடுவோம். அதுவரை பேச வையுங்கள்" என்றது ஆஸ்பத்திரி. அப்போது மணி இரண்டு.

பெலிக்ஸ் பேசினான். பள்ளிக்கூடம், முதல் பைக், கல்யாணப் பந்தியில் மாமா போட்ட சண்டை. நாலரைக்குத் தொண்டை கட்டியது, கண் சொருகியது.

"எந்த மடையன் இதை எழுதினான்?" என்று முனகினான்.

கோபம் வந்தால் தூக்கம் கலையும் என்று நினைத்தாள்.

"நான்தாங்க. போன வருஷம், ஆபீஸ்ல, அந்த ஃபேனுக்காக எழுதினது."

அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அவளையே பார்த்தான்.

"திட்டுங்க" என்றாள். "என்னங்க, திட்டுங்க!"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நிஜமான கோபம் வந்தால் அவன் இரண்டு நாள் வாயே திறக்கமாட்டான் என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.