அலையோரம் ஒரு வேண்டுதல்

"மாமா, இன்னொரு அலை வருது! கைய உட்றாதே!"

பத்மா போட்ட கூச்சலில், வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கன்னியப்பன் கையை விடவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. கொரட்டூர் வீட்டில் ஒரே கூரைக்குள் ஒன்பது பேர். புதுப் பெண்டாட்டியோடு தனியாகப் பேச வேண்டுமென்றால் ரேஷன் கடைக் க்யூவுக்குத்தான் போக வேண்டும். இந்த மீன்குப்பத்துக்கு வந்த மூன்று நாளாக இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கு டூட்டி," என்றாள் பத்மா, முந்தானையைப் பிழிந்தபடி. "மொட்டைக்கு இன்னா பண்ணப் போறே?"

கொரட்டூரை அடுத்த பாடியில் அவன் வேலை செய்யும் கம்பெனியில், ஃபோர்மேன் ஜானகிராமன் சாவுக்கும் சாமிக்கும் தவிர லீவு தரமாட்டார். அதனால், திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் என்று கூசாமல் புளுகியிருந்தான்.

அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வாப்பா. எனக்கும் ஏழுமலையானுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு," என்று கையெழுத்துப் போட்டார். கூடவே, "வரும்போது மொட்டையோட வரணும். பொய்யின்னு தெரிஞ்சுது, நீ பர்மனென்ட் ஆகறத மறந்துடு," என்றும் சொல்லிவைத்தார்.

"தொப்பி போட்டுகினு போய்டவா?"

"எத்தினி நாளிக்கு?"

"இந்த முடியப் பாத்துதானேம்மே என்னைக் கட்டிக்க ஒத்துகினே?" காதை மூடி வழிந்த சுருளைப் பாவமாகத் தடவினான்.

"ஆமா, அதுக்கின்னா இப்ப? முடி போனா மொளைக்கும். வேலை போனா மொளைக்குமா?"

சவுக்குத் தோப்பு ஓரம் நாற்காலி போட்டிருந்த முடிவெட்டுக்காரர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"மொட்டை போடு அண்ணாத்தே."

அவர் கத்தியைத் தீட்டியபடி கேட்டார்: "திருப்பதியா, பழனியா?"

"இன்னாது?"

"திருப்பதின்னா நாமம் போட்டு அனுப்புவேன். பழனின்னா விபூதிப் பட்டை. கோயில் பேரச் சொல்லி லீவு போட்டு வர்றவங்க எல்லாருக்கும் நாந்தான் நைனா கோயிலு."

பத்மா மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கன்னியப்பனுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"திருப்பதியே போடு!"

கத்தி இறங்கியது. பாதித் தலை பளபளவென்று ஆனது. செல்லமாக வளர்த்த சுருளெல்லாம் மடியில் கிடந்தது.

"இப்பத்தான் ஒத்தருக்குத் திருப்பதி போட்டு உட்டேன்," என்றார் முடிவெட்டுக்காரர். "அதோ, சம்சாரத்தோட கைய கோத்துகினு குதிக்கிறாரு பாரு, அவருதான்."

முழங்கால் தண்ணீரில் புது மொட்டையும் நாமமுமாகத் துள்ளிக்கொண்டிருந்த ஜானகிராமன், பாதி மொட்டைக் கன்னியப்பனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு மெள்ள இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"கோவிந்தா!"