சனிக்கிழமை ஆட்டம்

ஹெல்வே வீசிய தட்டு மூன்றாவது தடவையும் பைன் மரத்தில் மோதி விழுந்தது.

"கையைத் தூக்காதீங்கக்கா. இடுப்பு உயரத்துல தட்டையா விடுங்க," என்றான் ரைவோ, தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் அந்த டிஸ்க் கோல்ஃப் மைதானத்தின் காவலாளி.

வாரமெல்லாம் துணி ஆலையில் நின்ற ஹெல்வேயின் கால்கள் ஓய்வுக்குக் கெஞ்சின.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குக்கா?"

"என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா சனிக்கிழமையானா இங்க ஆட வந்துடுறார். நானும் ஆடினா நாலு வார்த்தை பேசலாமே."

ஒன்பதாவது வீச்சில் தட்டு சங்கிலிக் கூடைக்குள் விழுந்தது.

"இனி தைரியமா அவர்கிட்ட போகலாம். ஊர்மாஸ்னு பேரு. பச்சைக் கார்ல வருவார். எங்க ஆடிக்கிட்டிருப்பார்?"

ரைவோ தலையைச் சொறிந்தான். "பச்சைக் காரா? அவர் ஆடி நான் பார்த்ததே இல்லையேக்கா."

வண்டிகள் நிற்கும் இடத்தைக் காட்டினான். காருக்குள் இருக்கையைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார் ஊர்மாஸ்.

ஹெல்வே கண்ணாடியைத் தட்டினாள். அவர் பதறி எழுந்தார்.

"வீட்ல படுத்தா, லீவு நாள்லயும் தூக்கமான்னு திட்டுவியே..."

ஹெல்வே மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, தன் இருக்கையையும் சாய்த்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"என்னையும் எழுப்பிவிடுங்க."