முப்பத்தாறாவது படம்

இரண்டே வாக்கியங்கள். பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

இது எங்கள் வீட்டு கேமரா. உள்ளே பிலிம் இருக்கிறது, திறக்காதீர்கள்.

கடைக்காரர் பேச்சை நிறுத்தினால் சொல்லிவிடலாம்.

அவர் நிறுத்தவில்லை. லென்ஸைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"பூஞ்சை ஒரு பொட்டு இருக்குதா பாருங்க கண்ணு. இந்தக் கண்ணாடி இப்ப எங்கீங்க கெடைக்குது?"

தலையாட்டினாள்.

கேமராவின் வார் நடுவில் அறுந்து, பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஜாக்கெட் தைத்து மிஞ்சிய நூல். அம்மாவின் தையல்.

வீடு மாற்றும்போது அண்ணன் பழைய சாமான்களோடு இதையும் எடைக்குப் போட்டுவிட்டான். கேட்டதற்கு, "நீதான் ஒண்ணுமே சொல்லலையே" என்றான்.

உக்கடத்தில் நான்கு கடைகள் ஏறி இறங்கினாள். இது ஐந்தாவது.

படங்களை எண்ணும் சிறு வட்டத்தில் 36. முழு ரோல். கழுவக் கொடுப்பதற்குள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை.

அம்மாவை அவள் எடுத்த ஒரே படம் அதற்குள் இருந்தது.

"பழசு வாங்கறதுன்னா பின்னாடி தொறந்து, ஷட்டர் விழுகுதான்னு பாத்துப்போட்டுத்தான் வாங்கோணும். நேத்துத்தான் வந்துச்சு, நானே இன்னும் பாக்கல. பாத்தரலாங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு நின்றிருந்தவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

தலை, வழக்கம்போல, ஆடிவிட்டது.

இடப்பக்கக் குமிழை அவர் மேலே இழுத்தார். பின்மூடி திறந்துகொண்டது.

பழுப்பாக, பளபளப்பாக, ஒரு சுருள்.

"அட. ரோல் கெடக்குது."

"மூடுங்க."

குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அவர் மூடவில்லை. குனிந்து பார்த்தார். அவளே கை நீட்டி மூடினாள். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நொடி இருக்குமா. நான்கா.

படித்தது இயற்பியல். கணக்குப் போட்டாள்.

எடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்ளும். முதலில் எடுத்தது எல்லாவற்றுக்கும் அடியில். மேலே உள்ள சுற்றுகள் அதற்குத் திரை. பெரியம்மா, அண்ணன், அண்ணி, பல் இல்லாமல் சிரிக்கும் குழந்தை, மாடிப்படியில் யார் வீட்டுப் பூனையோ. எல்லாம் பிழைத்திருக்கும்.

வெளிச்சுற்றுதான் போயிருக்கும்.

"வெளிச்சம் பட்ட ரோல் எதுக்குங்க கண்ணு? வீசிப்போட்டு புதுசு ஒண்ணு நானே போட்டுத் தர்றேன்."

விரலை எடுக்கவில்லை.

படம் எடுத்த அன்றைக்கு வாசலில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கேமரா இருக்கும் பக்கமே திரும்பவில்லை. கூச்சம். மகளுடையதைவிடப் பெரிய கூச்சம்.

"எல்லாரையும் எடு சாமி. கடைசீல ஒண்ணு மிச்சமிருந்தா என்னைய எடு."

அன்றும் தலையைத்தான் ஆட்டினாள்.

ஒன்று மிச்சமிருந்தது.